கொட்டானில் முனை குத்துகிறதா?

கொட்டான் என்ற பனையோலைக் கூடையை முடைந்து முடித்ததும் எங்கள் அப்பத்தா அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாண வீடுகளிலிருந்து நூறு, இருநூறு என்று கொட்டான் கேட்டு வருவார்கள். திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து முடைவார்கள். முடித்த ஒவ்வொன்றும் கடைசியில் அப்பத்தாவின் மடிக்கு வரும். அப்போதே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கொட்டானை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை நடுவிரலை விளிம்பிலிருந்து அடிவரை ஒரு சுற்று ஓட்டுவார். விரலில் எதுவும் தட்டாவிட்டால் அது வலப்பக்கம் போய்விடும். தட்டினால் மடியிலேயே தங்கும். "இங்க வெரல வையி தாயி. குத்துதா? அப்ப எங்கயோ தப்பா மடிச்சிருக்கு" என்பார்.

அந்தக் கொட்டானில் என்ன கட்டம் போட்டிருக்கிறார்கள், எத்தனை சாய ஓலை சேர்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சரியாக முடைந்த கொட்டானில் ஓலையின் வெட்டுமுனை எல்லாம் உள்ளே செருகி மறைந்திருக்கும். மறைந்திருக்க வேண்டியது வெளியே தலை நீட்டினால், உள்ளே ஒரு மடிப்பு பிசகியிருக்கிறது. அவருடைய சோதனை அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் எனக்கு இந்த விரல் ஞாபகம் வந்தது ஒரு மாணவியின் கேள்வியால்தான். தவறாக மடிந்த புரதத்தைச் செல் அழித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "டீச்சர், எது சரி, எது தப்புன்னு செல்லுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம் உடலில் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000 இருக்கின்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வடிவம். இத்தனைக்கும் சரியான வடிவத்தின் படத்தை வைத்துக்கொண்டு செல் ஒப்பிட்டுப் பார்க்கிறதா? அப்படி ஒரு படம் செல்லிடம் கிடையாது. அப்பத்தாவின் விரல் போன்ற ஒன்றுதான் இருக்கிறது.

அது எப்படி என்று பார்க்க, முதலில் புரதம் என்றால் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

புரதம் ஒரு சங்கிலி. 20 வகை அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்தது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146. தசையில் இருக்கும் டைட்டின் என்ற ராட்சதப் புரதத்தில் 34,000-க்கும் மேல். கோக்கிற வேலையைச் செய்வது ரைபோசோம். நம் செல்லில் அது நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் என்ற வேகத்தில் கோத்துக் கோத்து வெளியே தள்ளும். வெளியே வருவது நீண்ட இழை. இழையாகவே கிடந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை, முடையாத ஓலை மாதிரி. அது தனக்கே உரிய விதத்தில் மடிந்து ஒரு முப்பரிமாண உருவம் எடுத்தால்தான் ஆக்ஸிஜன் சுமக்கும், சர்க்கரையை உடைக்கும், கிருமியைப் பிடிக்கும்.

மடிய வைப்பது எது? பெரும்பங்கு தண்ணீர்தான். ரசத்தில் மிதக்கும் நல்லெண்ணெய்த் துளிகளைக் கவனித்திருப்பீர்கள். தனித்தனியாக இருக்கும் துளிகள் கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகிவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒட்டாது. 20 அமினோ அமிலங்களிலும் சில தண்ணீரோடு நன்றாகப் பழகும், சில எண்ணெயைப் போல விலகும். செல்லின் உள்ளே எங்கு பார்த்தாலும் தண்ணீர். ஆகவே சங்கிலியில் எண்ணெய்க் குணமுள்ள பகுதிகள் உள்ளே சுருண்டு ஒளிந்துகொள்ளும். தண்ணீருக்கு உகந்தவை வெளிப்பக்கம் வரும். சரியாக மடிந்த புரதத்தின் உள்ளே எண்ணெய்க் குணம், வெளியே தண்ணீர்க் குணம். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

கொட்டானை மனிதக் கை முடைகிறது, புரதமோ தானாக மடிகிறது. இதை அழகாகக் காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர். ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலப் புரதத்தை எடுத்து, யூரியா முதலியவற்றைக் கொண்டு அதன் மடிப்பையெல்லாம் பிரித்தார். அது செயலிழந்தது. பிறகு அந்த வேதிப்பொருட்களை நீக்கினார். புரதம் தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்து, மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. எப்படி மடிய வேண்டும் என்ற செய்தி அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தானாகவே மடியும் என்றால் பிறகு ஏன் தப்பு நடக்கிறது?

அன்ஃபின்சனின் சோதனைக் குழாயில் புரதம் விசாலமாக இருந்தது. செல்லுக்குள் நெரிசல் தாங்காது. ஒரு லிட்டர் செல்சாற்றில் 200 முதல் 300 கிராம் வரை புரதம் இருக்கிறது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று கூட்டத்துக்குள் நின்று ஒரு புடவையை மடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அந்த நிலைமை. அதோடு, சங்கிலி ஒரே நேரத்தில் முழுதாக வருவதில்லை. தலைப்பகுதி ரைபோசோமை விட்டு வெளியே வந்து நிற்கும்போது வால்பகுதி இன்னும் கோக்கப்பட்டே இருக்காது. தலைப்பகுதியின் எண்ணெய் இடங்கள் தமக்குரிய ஜோடி வருவதற்குள் பக்கத்தில் இருக்கும் வேறொரு சங்கிலியின் எண்ணெய் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், ரைபோசோமே தவறாகக் கோத்திருக்கலாம், சூடு ஏறியிருக்கலாம்.

சூடு என்ன செய்யும் என்பதற்கு முட்டை போதும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதில் புரதங்கள் தனித்தனியாக, ஒழுங்காக மடிந்து, தண்ணீரில் கரைந்து கிடக்கின்றன. அடுப்பில் வைத்ததும் மடிப்பு பிரிகிறது. உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் இடங்கள் வெளியே வருகின்றன. ஒன்றின் எண்ணெய் இடம் இன்னொன்றின் எண்ணெய் இடத்தைப் பிடிக்க, அது மூன்றாவதைப் பிடிக்க, எல்லாம் பின்னிக்கொண்டு வெள்ளைக் கட்டியாகிவிடும். ஆறவைத்தாலும் அது பழையபடி ஆகாது. திண்ணையிலும் இதேதான். முனை குத்துகிற கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் முனை இன்னொன்றின் பின்னலில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் இரண்டும் கிழியும். அப்பத்தா அவற்றை அடுக்கவே விடாததற்குக் காரணம் அதுதான். குத்துகிற ஒன்று தன்னோடு நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஆக, வெளியே தெரியும் எண்ணெய் இடம்தான் செல்லுக்குக் கிடைக்கும் அடையாளம். புரதத்தின் பெயர் வேண்டாம், அதன் சரியான வடிவம் தெரிய வேண்டாம். உள்ளே இருக்க வேண்டியது வெளியே இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே செல் முழுக்கச் சுற்றி வருகிற புரதங்கள் உண்டு. அவற்றுக்குச் சாப்பரோன் என்று பெயர். மேல்நாட்டில் முன்காலத்தில் வயதுப் பெண் வெளியே போகும்போது துணைக்குப் போகும் பெரியம்மாவை அப்படிச் சொல்வார்கள். கண்டவரோடு சேராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புரத உலகிலும் அதே வேலை என்பதால் அந்தப் பெயர். நான் வகுப்பில் துணைப்புரதம் என்று சொல்கிறேன்.

இவை வெளிச்சத்துக்கு வந்த கதை 1962-இல் தொடங்குகிறது. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ அடைகாக்கும் பெட்டியின் சூட்டை ஏற்றி வைத்துவிட்டார்கள். அன்று நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்கள் உப்பியிருந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் அவசரமாக விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன என்று அதற்குப் பொருள். அந்த மரபணுக்கள் செய்யும் புரதங்களுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பின்னால் பெயர் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை துணைப்புரதங்கள்தான். சூட்டில் மடிப்பு பிரியும், பிரிந்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டுவதற்குள் போய் மூடு என்று ஆள் அனுப்புகிறது செல். ஈயில், நம்மில், பாக்டீரியாவில், அக்கினி நட்சத்திர வெயிலில் பொட்டலில் நிற்கும் பனையில் என்று எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

அவற்றில் முக்கியமானது ஹெச்எஸ்பி70. ஏழு அமினோ அமில நீளமுள்ள ஒரு எண்ணெய்த் துண்டு வெளியே தெரிந்தால் போதும், கவ்விக்கொள்ளும். கவ்வியிருக்கும்வரை அந்தத் துண்டு வேறெதோடும் ஒட்ட முடியாது. பிறகு ஏடிபி என்ற ஆற்றல் நாணயம் வந்து சேர்ந்ததும் பிடி தளரும். விடுபட்ட சங்கிலி மறுபடி மடிந்து பார்க்கும். சரியாக மடிந்துவிட்டால் எண்ணெய்த் துண்டு உள்ளே போய்விடும், கவ்வ எதுவும் இருக்காது, துணையும் விலகிவிடும். மடியாவிட்டால் துண்டு வெளியேதான் நிற்கும், மறுபடி கவ்வும். எப்படி மடிய வேண்டும் என்று ஹெச்எஸ்பி70 சொல்லித்தருவதே இல்லை. கெட்ட சேர்க்கையைத் தடுத்து, இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறது.

இன்னும் சிக்கலான சங்கிலிகளுக்குத் தனி அறையே உண்டு. பாக்டீரியாவில் அதற்கு குரோஎல் என்று பெயர். ஏழு ஏழு துண்டுகளாக இரண்டு வளையம், நடுவில் பொந்து, மேலே மூடி. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) ஓர் அறை இருக்கும் இல்லையா, எத்தனை பேர் இருந்தாலும் கதவைச் சாத்தினால் அது தனி உலகம். அது மாதிரி ஒரு சங்கிலி உள்ளே போனதும் மூடி விழும். கூட்டம் இல்லை, ஒட்டிக்கொள்ள ஆள் இல்லை. சுமார் பத்து நொடி. பிறகு மூடி திறக்கும், மடிந்திருந்தாலும் மடியாவிட்டாலும். மடியாதது மறுபடி உள்ளே போகலாம்.

எத்தனை முறை? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சீக்கிரம் கைவிட்டால், இன்னும் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும் புரதம் வீணாகிவிடும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் உருப்படாத ஒன்றுக்காகத் துணைப்புரதங்களும் ஆற்றலும் முடங்கிவிடும். செல்லிடம் கடிகாரமும் இல்லை.

அப்பத்தாவுக்குக் கடிகாரம் ஓலையின் ஈரம்தான். குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, முடைவதற்கு முன் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். ஈரம் இருக்கும்வரை தப்பான மடிப்பைப் பிரித்து மறுபடி மடிக்கலாம். ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் காற்றுப் பட்டுக் கொஞ்சம் உலரும். ஒரு கட்டத்துக்கு மேல் மடித்தால் ஓலை கீறும். கையில் எடுத்ததுமே தெரியும், இது இன்னொரு தடவை தாங்கும், இது தாங்காது என்று.

செல்லில் எண்டோபிளாச வலை என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளியே அனுப்ப வேண்டிய புரதங்களும் செல்லின் மேற்பரப்புக்குப் போக வேண்டியவையும் அங்கேதான் மடிகின்றன. நம் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகிறது. அங்கே ஈரத்துக்குப் பதில் சர்க்கரை. புதிதாக உள்ளே நுழையும் புரதங்களில் பலவற்றின் மேல் 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு கொத்து மாட்டப்படுகிறது. அதில் 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், மீதி 2 அடித்தண்டு. முதலில் இரண்டு குளுக்கோஸ் வெட்டப்படும். ஒரு குளுக்கோஸ் மிச்சமிருக்கும் கொத்தைக் கண்டால் கால்நெக்சின் என்ற துணைப்புரதம் பிடித்துவைத்து மடிய இடம் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடைசிக் குளுக்கோஸும் வெட்டப்பட, புரதம் விடுபடும்.

விடுபட்டு வரும் வழியில் ஒரு நொதி காத்திருக்கிறது. சுருக்கமாக யூஜிஜிடி என்பார்கள். அதைப் படித்த முதல் நாளே எனக்கு அப்பத்தாவின் நடுவிரல் என்று தோன்றிவிட்டது. அது புரதத்தைத் தடவிப் பார்க்கிறது. எண்ணெய் இடம் எதுவும் தட்டுப்படாவிட்டால் போக விடும். தட்டுப்பட்டால் கழன்ற குளுக்கோஸ் ஒன்றை மறுபடி மாட்டிவிடும். மாட்டியதும் கால்நெக்சின் மறுபடி பிடிக்கும். போய் இன்னொரு தடவை மடிந்து வா என்று திருப்பி அனுப்புவது இதுதான்.

இந்தச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே, இதோடு சம்பந்தமே இல்லாதது போல் வேறொரு நொதி நிதானமாக மேனோஸ் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் மடிந்து வெளியேறிய புரதத்தின் மேல் அதன் கை அதிகம் படாது. திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும் புரதமோ மேனோஸை இழந்துகொண்டே வரும். போதுமான அளவு குறைந்ததும், 'இதற்கு நேரம் முடிந்தது' என்று அதுவே அடையாளமாகிவிடும். அப்புறம் அந்தப் புரதத்துக்குச் சுற்று கிடையாது, வெளியேற்றம்தான். ஓலை உலர்வதும் மேனோஸ் குறைவதும் ஒரே கணக்கு. யாரும் எண்ணவில்லை, ஆனாலும் கணக்குத் தப்புவதில்லை.

வெளியேற்றம் என்றால் எங்கே? எண்டோபிளாச வலைக்குள் அழிக்கும் கருவி இல்லை. புரதத்தை அதன் சவ்வு வழியாக வெளியே, செல்சாற்றுக்குள் இழுக்க வேண்டும். பி97 என்ற ஆறு துண்டு இயந்திரம் ஏடிபியைச் செலவழித்துக் கயிறு இழுப்பது போல் இழுக்கிறது. வெளியே தலை தெரிந்ததுமே அதன் மேல் ஒரு முத்திரை விழுகிறது.

அந்த முத்திரைக்குப் பெயர் யூபிக்விட்டின். எல்லா இடத்திலும் இருப்பது என்று பொருள்படும் பெயர். 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இதை ஒட்டுவதற்கு மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. முதலாவது ஏடிபியைச் செலவழித்து யூபிக்விட்டினைத் தயார் செய்கிறது, இரண்டாவது வாங்கிச் சுமக்கிறது, மூன்றாவது எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று ஆளைக் காட்டுகிறது. முதல் வகையில் நமக்கு இரண்டுதான். மூன்றாவது வகையிலோ 600-க்கும் மேல், ஆள் பார்த்து ஒட்ட வேண்டுமே. அவற்றில் சிப் என்று ஒன்று ஹெச்எஸ்பி70-யோடு சேர்ந்தே நிற்கும். துணைப்புரதத்தின் பிடியில் ஒரு சங்கிலி நீண்ட நேரம் விடுபடாமல் இருந்தால் சிப் அதன் மேல் முத்திரை ஒட்டிவிடும். காப்பாற்றுகிறவரும் கைவிடுகிறவரும் அருகருகே நிற்கிறார்கள். நேரம் போகப் போக எது வெல்லும் என்பதுதான் தீர்ப்பு. ஒரு யூபிக்விட்டின் ஒட்டினால் போதாது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று நாலாவது சேர்ந்து வால் போல் தொங்கினால்தான் அழிக்கும் கருவி நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ஆரோன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, அமெரிக்காவின் இர்வின் ரோஸ். 2004-இல் மூவருக்கும் வேதியியல் நோபல். அவர்களை உறுத்திய கேள்வி எளிமையானது. நம் வயிற்றில் புரதம் செரிப்பதற்கு ஏடிபி தேவையில்லை, உடைப்பது தானாக நடக்கும். ஆனால் செல்லுக்குள் புரதத்தை அழிக்க மட்டும் ஏன் ஆற்றல் செலவாகிறது? முயலின் இளம் சிவப்பணுச் சாற்றை வைத்துக்கொண்டு இதைத் துருவிப் போனவர்களுக்கு விடை கிடைத்தது. அழிப்பதற்கு வலு தேவையில்லை, எதை அழிப்பது என்று சரியாகத் தேர்ந்தெடுக்கத்தான் ஆற்றல் வேண்டும்.

அழிக்கும் கருவிக்குப் பெயர் புரோட்டியசோம். ஏழு ஏழு துண்டுகளாக நான்கு வளையங்களை அடுக்கிய பீப்பாய், நீளம் 15 நானோமீட்டர். வெட்டும் கத்திகள் எல்லாம் பீப்பாயின் உள்சுவரில். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அரிவாள்மனையை விரித்தபடி நடுக்கூடத்தில் வைப்போமா? கத்தி வெளியே இருந்தால் நல்ல புரதங்களும் வெட்டுப்படும். அதனால்தான் கத்தியை உள்ளே வைத்து, வாசலைச் சின்னதாக்கி, வாசலில் காவலும் வைத்திருக்கிறது செல். காவலில் இருக்கும் தொப்பிப் பகுதி யூபிக்விட்டின் வாலைப் பிடிக்கும், வாலைக் கழற்றி எடுத்துக்கொள்ளும் (அது அடுத்த வேலைக்கு ஆகும்), பிறகு புரதத்தின் மிச்ச மடிப்புகளையும் பிரித்து, நூலாக்கி, ஊசியில் கோப்பது போல் உள்ளே செலுத்தும். மடிந்த நிலையில் எதுவும் அந்த வாசலில் நுழைய முடியாது. உள்ளே போனது 3 முதல் 25 அமினோ அமிலம் கொண்ட சின்னத் துண்டுகளாக வெளியே வரும். வேறு நொதிகள் அவற்றைத் தனித்தனி அமினோ அமிலமாக்கும். ரைபோசோம் அவற்றை எடுத்துப் புதுச் சங்கிலி கோக்கும். கீறிப்போன கொட்டானைப் பிரித்து, நல்ல ஓலையை மட்டும் எடுத்து விரலளவு சின்னக் கொட்டான் முடைந்து எங்களுக்கு விளையாடத் தருவார்கள். வீண் என்று எதுவும் போகாது.

சில நேரம் தப்பான புரதங்கள் கூட்டமாகவே வந்துவிடும். எண்டோபிளாச வலையில் இதை உணர்வதற்கு மூன்று உணரிகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஐஆர்இ1-ஐ, ஈஸ்ட் செல்லில், ஜப்பானியரான கசுடோஷி மோரியும் பீட்டர் வால்டரும் 1993-இல் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். சாதாரண நாளில் பிப் என்ற துணைப்புரதம் இந்த உணரிகளின் மேல் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கும். தப்பான புரதங்கள் பெருகினால் பிப் அவற்றைக் கவனிக்க எழுந்து போய்விடும். அடக்க ஆள் இல்லாத உணரி விழித்துக்கொள்ளும். உடனே புதுப் புரத உற்பத்தி குறைக்கப்படும், துணைப்புரதங்கள் அதிகமாக்கப்படும், இடமும் விரிவாக்கப்படும். அப்படியும் சமாளிக்க முடியாவிட்டால் அந்தச் செல் தன்னையே முடித்துக்கொள்ளும். இன்சுலின் சுரக்கும் செல், கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் சுரக்கும் செல் போன்றவை எந்நேரமும் இந்த விளிம்பிலேயே வேலை பார்ப்பவை. மல்டிபிள் மையலோமா என்ற புற்றுநோய்ச் செல்கள் எதிர்ப்புரதத்தை ஓயாமல் செய்து தள்ளுகின்றன. அவற்றின் புரோட்டியசோமை அடைத்துவிட்டால் குப்பை மூடியே செத்துவிடும் என்ற எண்ணத்தில் வந்த போர்ட்டெசோமிப் என்ற மருந்துக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

முத்திரை விழுவதற்குள்ளேயே புரதங்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டால் புரோட்டியசோமால் ஒன்றும் செய்ய முடியாது, வாசலுக்குள் போகாதே. அதற்கு வேறு வழி. ஒரு சவ்வு கட்டியைச் சுற்றி வளர்ந்து, பை போல மூடிக்கொள்ளும். அந்தப் பை, செல்லின் செரிக்கும் அறையான லைசோசோமோடு சேர்ந்ததும் உள்ளிருப்பவற்றை அங்கிருக்கும் நொதிகள் செரித்துவிடும். தன்விழுங்கல் என்று இதற்குப் பெயர். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, செரிக்கும் நொதி இல்லாத ஈஸ்ட் வகை ஒன்றைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் செரிக்கப்படாத பைகள் குவிவது சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. அதிலிருந்து இதற்கான மரபணுக்களைப் பிடித்தார். 2016-இல் மருத்துவ நோபல். ஓசுமியின் பெயரைச் சொல்லி, விரதம் இருந்தால் மறதி நோய் குணமாகும் என்று ஒரு செய்தி கைபேசியில் சுற்றுகிறது. பட்டினியில் ஈஸ்ட் செய்ததை எண்பது வயதுக்காரரின் மூளைக்கு வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர்களைப் பட்டினி போடுவது ஆபத்து. இதை வகுப்பிலும் சொல்கிறேன், கேட்கிற வீடுகளிலும் சொல்கிறேன்.

மறதி நோயில் நடப்பது இதுதான். நரம்புச் செல் பெரும்பாலும் பிரிவதில்லை. தோல் செல் பிரியும்போது குப்பையையும் இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும், நரம்புச் செல்லுக்கு அந்த வசதி இல்லை. எழுபது, எண்பது வருடம் அதே செல். வயதாக ஆகத் துணைப்புரதமும் புரோட்டியசோமும் தன்விழுங்கலும் மந்தமாகும். அல்சைமரில் செல்லுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதமும் உள்ளே டௌ என்ற புரதமும் கட்டிகளாகச் சேர்கின்றன. பார்க்கின்சன் என்ற நடுக்க நோயில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற 140 அமினோ அமிலப் புரதம் சேர்கிறது. கண்காணிப்பு தளர்ந்ததால் வரும் துன்பம் இது.

கண்காணிப்பு கறாராக இருப்பதாலும் துன்பம் வரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் சளி பிசினாகக் கெட்டியாகிவிடும். உப்பைக் கடத்தும் சிஎஃப்டிஆர் என்ற 1,480 அமினோ அமிலப் புரதத்தில்தான் கோளாறு. பெரும்பாலான நோயாளிகளுக்கு அதில் 508-ஆவது இடத்து ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று. அதனால் மடிப்பு லேசாகப் பிசகும், எண்டோபிளாச வலையில் விரல் தட்டும், சுற்று முடிந்து புரோட்டியசோமுக்குப் போய்விடும். 1992-இல் இந்தச் செல்களைச் சோதனைச் சாலையில் குறைந்த சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். குளிர்ச்சியில் மடிப்பு கொஞ்சம் மேம்பட்டு, புரதம் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்தது. போனதும் உப்பையும் கடத்தியது! செல் அழித்துக்கொண்டிருந்தது ஓரளவு வேலை செய்யக்கூடிய புரதத்தை.

இதைக் கேட்டதும் அந்த மாணவிக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப செல்லுக்கு நெஜமாவே தெரியாதா டீச்சர்?" என்றாள். தெரியாது. வேலை செய்யுமா என்று அது பார்ப்பதே இல்லை. முனை குத்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது.

அப்பத்தா எப்போதாவது ஒரு கொட்டானை வலப்பக்கமும் போடாமல் பிரிக்கவும் கொடுக்காமல் தனியே வைப்பார். கல்யாணத்துக்கு ஆகாது, ஆனால் பின்னல் கெட்டி. அதில் பூண்டு போட்டு அடுப்படியில் தொங்கவிடுவார். செல்லால் அப்படி எடுத்துவைக்க முடியாது. அதனால் மருந்துக்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். எலெக்ஸாகாஃப்டர், டெஸாகாஃப்டர் என்ற இரண்டு மருந்துகள் பிசகிய சிஎஃப்டிஆரில் போய் ஒட்டி, மடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. துருத்திய முனையை உள்ளே செருகிவிடுவது மாதிரி. இவாகாஃப்டர் என்ற மூன்றாவது, மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்த புரதத்தின் வாசலைத் திறந்து வைக்கிறது. மூன்றும் சேர்ந்த மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பலர் அதைச் சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே சளி இளகி நன்றாக மூச்சு விட்டார்கள்.